மருமகளின் விரதத்துக்காக இந்தி படித்த சவுந்தரம் அக்கா

சவுந்தரம் அக்காவை எங்கள் மாதா கோயிலில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் தீவில், கெலுகோரில் ஒரு அடுக்குமாடி வீட்டின் நாலாவது மாடியில் இருக்கிறார். வயது ஐம்பத்தேழு. பிறந்து வளர்ந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த் கிட்டே பாகான் டாலாம். பதினெட்டு வயதில் பாயான் பாருவில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சேர்ந்து, ஃபேக்டரி ஆள் குறைக்கும் வரைக்கும் அங்கேயேதான் வேலை. இப்போது ஒரு பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறார். கணவர் ஹென்றி அண்ணன் பஸ் ஓட்டினவர். அவர் கர்த்தரிடம் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகன் ஷேன். அவன் எஞ்சினியர்.

கோயிலில் திருவிழா வந்தால் அண்டா பக்கத்தில் நிற்பவர் இந்த அக்காதான். குழம்பைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு வாயில் வைத்துப் பார்ப்பார். "இன்னும் ஒரு கை உப்பு போடு" என்பார். அந்த நாக்கு தப்பாகச் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை.

ஷேன் கட்டினது பீகார்க்காரப் பெண்ணை. பாட்னாவிலிருந்து வேலைக்கு வந்தவள், பெயர் ரிங்கி. இங்கே கோயிலில் தாலி மந்திரித்துக் கட்டினார்கள், அங்கே போய் அக்கினி சுற்றினார்கள். இரண்டுக்கும் சவுந்தரம் அக்கா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நின்றார். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தமெல்லாம் வேறு. மருமகள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஓடியும், மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டது "ஆன்ட்டி, ஈட்?", "யூ ஈட்?" இவ்வளவுதான். அக்காவுக்குத் தமிழ், மலாய். அந்தப் பெண்ணுக்கு இந்தி, இங்கிலீஷ். நடுவில் ஷேன். ஷேன் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் டிவி மட்டும்தான் பேசும்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் ரிங்கியின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் வலது கையும் பேச்சும் பழையபடி இல்லை. அந்த அம்மா வருஷா வருஷம் சட் விரதம் பிடிக்கிறவர். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் வருவது. தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, சாயங்காலம் தண்ணீரில் இறங்கி மறைகிற சூரியனுக்கும், மறுநாள் விடியும்போது உதிக்கிற சூரியனுக்கும் படைப்பார்கள். ஒரு வீட்டில் அதை எடுத்துவிட்டால் லேசில் விடக் கூடாதாம். ஒருத்தரால் முடியாமல் போனால் அடுத்தவர் கையில் ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். அந்த அம்மாவுக்கு வேறு பெண் பிள்ளை இல்லை. ஆக, விரதம் ரிங்கி கைக்கு வந்தது.

புது வருஷப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஷேன் அம்மாவிடம் நேராகவே சொன்னான்.

"மா, அவ இந்த வருஷம் இங்கயே செஞ்சு பாக்கறேங்கறா. சரிப்படலன்னா நாங்க பெங்களூர் ஆபிசுக்கு மாறிக்கறோம். கம்பெனியில கேட்டாச்சு, இடம் இருக்கு. அங்கருந்து பாட்னாவுக்கு ஒரே ஃபிளைட்தான்."

"மாறினா எப்ப திரும்பி வருவீங்க?"

"தெரியல மா."

அக்கா அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கும்போது, "இந்தி எங்க சொல்லிக் குடுக்கறாங்க, யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார். சிரித்தவர்கள் உண்டு. "இந்த வயசுலயா, சவுந்தரம்?" என்று ஒருத்தர் கேட்டார். "பேரப்பிள்ளை பொறந்து இந்தியில அழுதா நான் என்ன பண்றது?" என்று அக்கா திருப்பிக் கொடுத்தார்.

ஜார்ஜ்டவுனில் ஒரு சிந்திக்காரர் துணிக்கடை. அதன் மாடியில் கடைக்காரர் மனைவி லாஜ்வந்தி டீச்சர் ஞாயிறு மத்தியானம் வகுப்பு எடுக்கிறார். அவர் சொல்லிக்கொடுக்கும் முறை தனி. புத்தகம் வைத்து அ, ஆ என்று ஆரம்பிக்க மாட்டார். எந்த மாசம் எந்தப் பண்டிகை வருகிறதோ அதை வைத்துப் பேச்சு. ஹோலி வந்தால் நிறங்களின் பெயர். ராக்கி வந்தால் உறவு முறை. நவராத்திரிக்குச் சாப்பாட்டுச் சாமான். தீபாவளிக்கு வீட்டில் இருக்கிற பொருள்களெல்லாம், ஏனென்றால் அன்றைக்குத்தான் வீட்டைக் கழுவுகிறோம் என்பார்.

முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்தது நூருல், மருந்துக் கடையில் வேலை செய்யும் மலாய்ப் பெண். சின்ன வயதிலிருந்து இந்திப் படமாகப் பார்த்துத் தள்ளினவள். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். சவுந்தரம் அக்கா முழிப்பதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். மலாய் முறையில் அக்காவைக் காக் என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"காக், நீங்கதானே இந்தியர்! எனக்கு முன்னாடி உங்களுக்கு வரணும் லா."

"ஏம்மா, எங்க தாத்தா கப்பலேறினது நாகப்பட்டினத்துல. நான் பொறந்தது பாகான் டாலாம். இந்தி எனக்கு எப்படி வரும்?"

"அப்ப உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுதான்."

"உனக்கு எவ்வளவு தெரியும், சொல்லு பாப்போம்."

நூருலுக்கு, நீ இல்லாமல் நான் செத்துப்போவேன் என்று சொல்லத் தெரியும். ஏழு ஜென்மத்துக்கும் உனக்காகக் காத்திருப்பேன் என்று சொல்லத் தெரியும். தக்காளி என்ன விலை என்று கேட்கத் தெரியாது. "நீ கல்யாணம் பண்ணலாம், பசாருக்குப் போக முடியாது" என்றார் அக்கா. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்சு.

ராக்கி வகுப்பு அன்றைக்கு ஒரே கூத்து. வகுப்பில் ஆம்பிளை என்று இருந்தது ஹைக்கல் ஒருத்தன். ஹோட்டலில் ரிசெப்ஷன் வேலை, இந்தியாவிலிருந்து வரும் விருந்தாளிகளிடம் பேசுவதற்காக வந்தவன். பெண்கள் எல்லாரும் அவன் கையில் கயிறு கட்டினார்கள். கட்டினவர்களுக்கு அண்ணன் தம்பி ஏதாவது கொடுக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னதும் அவன் முகம் விழுந்துவிட்டது. "டீச்சர், இத்தன அக்காவுக்கு எங்க ஹோட்டல் சம்பளம் பத்தாது" என்று சொல்லி எல்லாருக்கும் இழுத்து ஆற்றின டீ, தே தாரே, வாங்கிக் கொடுத்தான்.

அந்த வகுப்பில்தான் மாமியாருக்கு சாஸ், மருமகளுக்கு பஹு என்று அக்கா தெரிந்துகொண்டார். மருமகள் மாமியாரை எப்படிக் கூப்பிடுவாள் என்று கேட்டார். மம்மிஜி என்பார்கள் என்றார் டீச்சர். அக்கா அதை மனசில் வைத்துக்கொண்டார். வீட்டில் ரிங்கி ஆன்ட்டி என்றேதான் கூப்பிட்டாள்.

ஒருநாள் துணிந்து மேசையில் சோற்றை வைத்து, "பஹு, கானா கா லோ" என்றார். சாப்பிடு என்று அர்த்தம். ரிங்கி திரும்பிப் பார்த்தாள். கை தட்டினாள். பிறகு இந்தியில் என்னவோ மடமடவென்று சொல்ல ஆரம்பித்தாள், மழை கொட்டுகிற மாதிரி. அக்காவுக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. சும்மா தலையை ஆட்டினார். அது அந்தப் பெண்ணுக்கும் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "ஓகே ஆன்ட்டி, தேங்க் யூ" என்று சொல்லிச் சாப்பிட்டாள். பழையபடி ஈட், ஈட்தான்.

"அவ பேசறது ரயில் மாதிரி போகுது நூருல். டீச்சர் பேசறது சைக்கிள் மாதிரி. நான் சைக்கிள்தான் ஏறக் கத்துக்கிட்டேன்" என்று அடுத்த வகுப்பில் சொன்னாராம்.

தீபாவளி கிட்டே வந்தது. சட் விரதத்துக்கு என்னென்ன விதி என்று அக்கா டீச்சரிடம் கேட்டார். டீச்சர் கையை விரித்தார். "அது பீகார்க்காரங்க விரதம். நாங்க சிந்தி. எங்க வீட்டுல கிடையாது. ரொம்ப சுத்தமா இருக்கணும்னு மட்டும் கேள்விப்பட்டிருக்கேன்." ஆக, ஒரு வருஷத்துப் பண்டிகையெல்லாம் படித்து முடித்த பிறகு, எதற்காகப் படிக்க வந்தாரோ அந்த ஒன்று மட்டும் பாடத்தில் இல்லை.

சாமியாரிடமும் கேட்டார். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். "ஃபாதர், என் மருமக அவ சாமிக்கு விரதம் இருக்கா. நான் கூட நின்னு செஞ்சு குடுக்கலாமா? பாவமா?" ஃபாதர் யோசித்தார். "செஞ்சு குடுங்க, கூட நில்லுங்க. நீங்க யாரைக் கும்பிடறீங்கங்கறது உங்க மனசுக்குத் தெரியும்" என்றார். அக்காவுக்கு அது போதுமாயிருந்தது. வீட்டில் ஷேனிடம், "சமைக்கிறேன், கடற்கரைக்கு வர்றேன். தண்ணியில மட்டும் இறங்க மாட்டேன்" என்று சொல்லி வைத்தார்.

சாமான் சேர்ப்பதே பெரிய வேலையாகிவிட்டது. மூங்கில் முறம் சீனர் கடையில் கிடைத்தது. இலையோடு முழுக் கரும்பு வேண்டும். கரும்பு ஜூஸ் விற்கிறவன் வைத்திருப்பதெல்லாம் தோல் சீவின துண்டு. ஷேன் அவனிடம் இரண்டு வாரம் நச்சரித்து, சீவாத கரும்பு நாலு வாங்கினான். கோதுமையை ரிங்கியே கழுவி, காக்கை கொத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து காயவைத்து, வீட்டிலேயே அரைத்தாள். சமையலறையில் பிளாச்சான் என்கிற இறால் விழுதும் மீனும் புழங்கினதால் அங்கே சமைக்கக் கூடாது. ஹாலைக் கழுவி, புது அடுப்பு, புதுச் சட்டி வைத்தார்கள்.

விரதம் மொத்தம் நாலு நாள். இரண்டாம் நாள் சாயங்காலம் வெல்லப் பாயசம் சாப்பிட்டதோடு ரிங்கி வாயை மூடினாள். அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர் கிடையாது. மூன்றாம் நாள் காலையில் தேக்குவா சுட உட்கார்ந்தார்கள். கோதுமை மாவில் வெல்லமும் நெய்யும் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, மர அச்சில் அழுத்தி, நெய்யில் பொரிக்கிற பலகாரம் அது. படையலுக்கு அதுதான் முக்கியம். அக்கா குளித்து, துவைத்த பருத்திப் புடவை கட்டி வந்திருந்தார். ரிங்கி பிசைந்தாள், அக்கா அச்சில் அழுத்தினார். பேச்சில்லை, ஆனால் கை ஒன்றாக ஓடியது.

மத்தியானம் ரிங்கிக்குத் தலை சுற்றியது. முக்கால்வாசி பொரித்தாயிற்று. "ஆன்ட்டி, ஃபைவ் மினிட்" என்று சொல்லிவிட்டு அறையில் போய்ப் படுத்தாள். அக்கா அடுத்த ஈடு பொரித்து எடுத்தார். அதில் ஒன்று ஓரம் உடைந்திருந்தது. அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

யோசித்துச் செய்ததில்லை. நாற்பது வருஷமாகச் செய்வதைச் செய்தார். எங்கள் கோயில் திருவிழாவில் எத்தனை அண்டா சமைத்தாலும் ருசி பார்த்துத்தான் இறக்குவோம். பார்க்காமல் இறக்கினால்தான் திட்டு விழும். மென்று முழுங்கின பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது, இது படையல் என்று. சின்ன வயதில் பாகான் டாலாமில் பக்கத்து வீட்டு மீனாட்சி அம்மா பொங்கல் வைக்கும்போது, "எச்சில் பண்ணாதீங்க பிள்ளைங்களா, சாமிக்கு முன்னாடி வாய் வைக்கக் கூடாது" என்று விரட்டினது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பொரித்ததெல்லாம் ஒரே தாம்பாளத்தில் குவிந்து கிடந்தது. வாயில் வைத்த அதே கையால்தான் கடைசி ஈட்டையும் அதில் போட்டிருந்தார்.

வீட்டில் யாரும் பார்க்கவில்லை. ஷேன் கரும்பைக் கழுவக் கீழே போயிருந்தான். சொல்லாமல் இருந்தால் அந்தப் பெண்ணுக்குத் தெரியப்போவதில்லை. "ஒரு நிமிஷம் நான் அப்படித்தான் நெனச்சேன். மாதாவே, எனக்கு ஏன் இந்தச் சோதனைன்னு நின்னேன்" என்று அக்கா பிறகு சொன்னார். சொன்னால், இங்கே சரிப்படாது என்று அந்தப் பெண் முடிவு கட்டிவிடலாம். மகன் பெங்களூர் போய்விடுவான். சொல்லாவிட்டால், நேற்றிலிருந்து எச்சில் முழுங்கிக்கொண்டு கிடக்கிற பெண்ணை ஏமாற்றித் தண்ணீரில் இறக்குகிற மாதிரி.

அடுப்பை அணைத்துவிட்டு அறை வாசலில் போய் நின்றார்.

"பஹு. மைனே காயா."

நான் சாப்பிட்டேன் என்று அர்த்தம். ரிங்கி எழுந்து உட்கார்ந்தாள். அக்கா வாயைத் தொட்டுக் காட்டி, ஹாலைக் காட்டினார். ரிங்கி வந்து தாம்பாளத்தைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஃபினிஷ், ஆன்ட்டி. ஆல் ஃபினிஷ்" என்றாள். திட்டவில்லை. அழுதாள்.

மேலே வந்த ஷேனுக்கு விஷயம் புரிய நேரம் பிடித்தது. "மா, நீங்க ஏன் மா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். ரிங்கி பாட்னாவுக்கு வீடியோ கால் போட்டாள். தலையணையில் சாய்ந்தபடி அந்த அம்மா தெரிந்தார். ரிங்கி அழுதுகொண்டே ரயில் மாதிரி சொன்னாள். அந்த அம்மா இடது கையைத் தூக்கி அவளை நிறுத்தி, சம்பந்தியைக் கொடு என்றார்.

அக்கா போனை வாங்கினார். அந்த அம்மாவுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. லாஜ்வந்தி டீச்சர் பேசுவதைவிட மெதுவாக. அக்காவுக்கு எல்லாம் புரிந்தது.

"என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"மீட்டா கம் ஹை கியா, தேகா." இனிப்பு குறைச்சலா என்று பார்த்தேன். அக்கா அதோடு மன்னிப்பும் கேட்டார், டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி.

பிறகு அந்த அம்மா கேட்டார்:

"கம் தா?" குறைச்சலாக இருந்ததா?

"நஹி. டீக் ஹை." இல்லை, சரியாக இருக்கிறது.

அந்த அம்மாவின் ஒரு பக்க வாய் மேலே போனது. சிரிக்கிறார் என்று அக்காவுக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. பிறகு மகளைக் கூப்பிட்டு முறையைச் சொன்னார். தொட்டதெல்லாம் வீட்டுக்கு, எடுத்து ஓரம் வை. சட்டியைத் தேய்த்துக் கழுவு. இன்னொரு தடவை குளி. மிச்சம் இருக்கிற மாவில் எத்தனை வருகிறதோ அத்தனை சுடு. மீதி முறத்துக்குப் பழம் போதும். இந்த விரதத்துத் தாய் சட்டி மையா கணக்குப் பார்க்கிறவள் இல்லை. இந்தத் தடவை நீயே தனியாகச் சுடு.

கடைசியாகச் சொன்னது தனக்கு என்று அக்காவுக்குப் புரிந்தது. ஹாலை விட்டு வெளியே போய் மாடி வராந்தாவில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். உள்ளே ஷேன் மனைவிக்கு விசிறிக்கொண்டிருந்தான். மிச்ச மாவில் பதினோரு தேக்குவா வந்தது.

கெலுகோர் பக்கம் கடல் கிழக்கைப் பார்த்து இருக்கிறது. சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரம் போய்விடும். அதனால் சாயங்காலப் படையலுக்குப் பாலம் தாண்டி பட்டர்வொர்த் கடற்கரைக்குப் போனார்கள். ஷேன் வேட்டி கட்டி, கூடையைத் தலையில் வைத்து, செருப்பில்லாமல் மணலில் நடந்தான். பட்டம் விட வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ரிங்கி முறத்தை இரண்டு கையிலும் ஏந்தி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். ஷேன் எதிரில் நின்று பால் ஊற்ற வேண்டும்.

அக்கா மணலில் நின்றார், சொன்ன மாதிரியே. ஒரு படகு போன அலை வந்து ரிங்கி ஆடினாள். முறம் சாய்ந்தது. ஷேன் இரண்டு கையிலும் பால் சொம்பு. அக்கா செருப்பை உதறிவிட்டுப் புடவையோடு இறங்கிப் போய், பின்னாலிருந்து மருமகளின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ரிங்கி திரும்பிப் பார்க்கவில்லை. பாரத்தை மட்டும் மெல்லப் பின்னால் சாய்த்தாள். சூரியன் தீவுக்குப் பின்னால் இறங்குகிற வரை அப்படியே நின்றார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு பரலோக மந்திரம் சொன்னாராம். அவள் அவள் சாமியிடம் சொன்னாள், நான் என் சாமியிடம் சொன்னேன் என்றார்.

மறுநாள் விடியும்போது கெலுகோர் பக்கமே போனார்கள். அன்றைக்கும் அக்கா தண்ணீரில் இறங்கினார், யாரும் கேட்காமலே. படைத்து முடித்து, இஞ்சியும் வெல்லமும் வாயில் போட்டு ரிங்கி விரதத்தை முடித்தாள். முதல் வாய்த் தண்ணீரை ஷேன் கொடுத்தான்.

ஓரம் எடுத்து வைத்த தேக்குவாவை அக்கா எங்களுக்கெல்லாம் பங்கு வைத்தார். எனக்கும் நாலு வந்தது. நூருலுக்கு ஒரு டப்பா. இனிப்பு சரியாகத்தான் இருந்தது.

பெங்களூர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்க அக்காவுக்குப் பயம். விரதம் முடித்த அன்று காலை வீட்டுக்கு வந்ததும் ரிங்கி சோபாவில் சாய்ந்தபடி பாட்னாவுக்குப் போன் போட்டாள். அக்கா சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தார். ரிங்கிக்குத் தெம்பு வந்துவிட்டது, பேச்சு மறுபடி ரயில் வேகத்துக்குப் போய்விட்டது. அக்கா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்தார். முழுசாகப் புரியவில்லை. ஆன்ட்டி என்றது கேட்டது. தீபாவளி வகுப்பில் படித்த குர்சி கேட்டது, அதாவது நாற்காலி. அதற்கு முன்னால் அக்லே சால் கேட்டது. அக்லே சால் என்றால் அடுத்த வருஷம்.

பிறகு ஷேன் சொல்லித்தான் முழுசும் தெரிந்தது: அடுத்த வருஷம் இங்கே பலகாரம் சுட்டு முடிகிற வரைக்கும் ஆன்ட்டியை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டிப்போடப் போகிறேன் என்று அந்தப் பெண் அம்மாவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா குழாயைத் திறந்து அரிசியை இன்னொரு தடவை களைந்தார்.